மழை குறையாமலே வறட்சி கூடுமா? கனகராயன் ஆறும் வழுக்கையாறும் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி ஊடாக அராலிக்கு வந்து கடல்நீரேரியில் சேரும் வழுக்கையாறு மாரியில் மட்டுமே ஆறு. சித்திரை பிறக்கும்போது அதன் படுக்கையில் மாடுகள் மேயும். ஆகவே ஆற்று வறட்சி என்பது காவிரிக் கரையிலும் மகாவலிக் கரையிலும் இருப்பவர்களின் கவலை என்று இங்கே பலர் எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் வன்னியிலிருந்து வடக்கு நோக்கி வரும் கனகராயன் ஆறு மெலிந்தால் அது நிரப்பும் இரணைமடுக் குளம் மெலிகிறது. இரணைமடு மெலிந்தால் கிளிநொச்சியின் சிறுபோகம் எனும் கோடை நெற்செய்கை சுருங்குவதோடு, குடாநாட்டுக்குக் குடிநீர் எங்கிருந்து வருவது என்ற பழைய தகராறும் மீண்டும் எழுகிறது. வழுக்கையாறு சரியாக ஓடாத ஆண்டில் அதன் இரு கரையிலும் உள்ள தோட்டக் கிணறுகளின் ஊற்று வழமையிலும் முந்தியே தளர்கிறது. ஆறு குறைவான நிலத்தில் ஆற்று வறட்சியின் விளைவு குறைவாக இருக்கும் என்று கொள்வதற்கு இடமில்லை.

இந்த ஆய்வு இரண்டு ஆறுகளையும் ஒரே கேள்வியோடு அணுகுகிறது. ஆண்டு மழையின் கூட்டுத்தொகை குறையாமலே, சற்றுக் கூடியும்கூட, ஓர் ஆற்றின் வறட்சி அபாயம் கூட முடியுமா? முடியும் என்பதே என் முடிவு. புவி வெப்பமாதல் நம் பகுதியில் வறட்சியை மாற்றும் வழி பெரும்பாலும் இதுவாகவே இருக்கும் என்றும், நம் குளங்களை நாம் நடத்தும் விதம் இதற்கு இன்னும் பழகவில்லை என்றும் கருதுகிறேன்.

2016ஆம் ஆண்டு மாரி

வடக்கின் மழை ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களைப் பெரிதும் நம்பியிருக்கிறது. அந்த மூன்று மாதங்கள் பொய்த்தால் அடுத்த ஐப்பசி வரைக்கும் ஈடுசெய்ய வேறு பருவம் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று நமக்குத் தருவது மழையை அல்ல, மண்ணின் ஈரத்தை உறிஞ்சும் சோளகக் காற்றைத்தான்.

2016இன் பிற்பகுதியில் இந்து சமுத்திரத்தின் கிழக்குப் பகுதி வழமையை விட வெப்பமாகவும் மேற்குப் பகுதி குளிர்ச்சியாகவும் இருந்தன. இந்து சமுத்திர இருமுனைவின் எதிர்மறை நிலை என்று வானிலையாளர் சொல்லும் இந்த அமைப்பு, பதிவுகளில் உள்ள மிக வலிமையானவற்றுள் ஒன்றாக அந்த ஆண்டில் இருந்தது. அப்படியான நிலையில் மழைமுகில் இந்தோனேசியப் பக்கத்தில் குவிய, இலங்கையிலும் கிழக்கு ஆபிரிக்காவிலும் ஆண்டின் கடைசி மாதங்கள் வறண்டு போகின்றன. பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டில் அந்தப் பருவத்தில் வழமையாகக் கிடைக்கும் சுமார் 440 மில்லிமீற்றருக்குப் பதிலாக 168 மில்லிமீற்றர் மட்டுமே பெய்தது. இலங்கையில் பல பத்தாண்டுகளில் காணாத வறட்சி தொடர்ந்தது. 2017இல் நாட்டின் நெல் விளைச்சல் 27 இலட்சம் தொன் அளவுக்கு, அதாவது முந்திய ஆண்டை விட ஏறத்தாழ 40 வீதம் குறைவாக இருக்கும் என்று உலக உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து செய்த மதிப்பீடு கூறியது.

இந்த வறட்சியைப் புவி வெப்பமாதல் உண்டாக்கியது என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அது சரியாகாது. மழை பொய்த்ததற்கு உடனடிக் காரணம் சமுத்திரத்தின் இயற்கையான ஊசலாட்டம். அது முன்பும் இருந்தது, இனியும் இருக்கும். மூன்றே ஆண்டுகளில், 2019இல், அதே ஊசல் மறுபக்கம் சென்று மிக வலிமையான நேர்மறை நிலையை அடைந்தது. வெப்பமாதலின் பங்கைக் காண வேண்டுமானால், பெய்த மழைக்கும் ஆற்றில் ஓடிய நீருக்கும் இடையே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மண்ணும் மரமும் முதலில் எடுத்துக்கொள்வது

ஒரு நீரேந்து பிரதேசத்தில் பெய்யும் மழையின் பெரும்பங்கு ஆற்றை அடைவதே இல்லை. மண் குடிக்கிறது, காடு ஆவியுயிர்க்கிறது, சிறு குளங்கள் பிடித்துக்கொள்கின்றன, எஞ்சுவதே ஆறு. வரண்ட வலயத்து ஆறுகளில் இந்த எச்சம் மழையின் சிறு பங்குதான். அதனால்தான் சிறு மாற்றங்கள் அங்கே பெரிதாகத் தெரிகின்றன.

விளக்கத்துக்காக மட்டும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். இது எந்த ஆற்றின் அளவீடும் அல்ல. ஆண்டுக்கு 1300 மில்லிமீற்றர் மழை பெய்து, அதில் 1000 மில்லிமீற்றர் ஆவியாதலாலும் ஆவியுயிர்ப்பாலும் போக, 300 மில்லிமீற்றர் ஆற்றில் ஓடுகிறது என்று கொள்வோம். வெப்பநிலை ஏறியதால் ஆவி இழப்பு 3 வீதம் கூடினால் போகும் நீர் 1030 மில்லிமீற்றர். ஆற்றுக்கு எஞ்சுவது 270. அங்கே 3 வீத மாற்றம், இங்கே 10 வீத இழப்பு. இனி மழை குறைந்த ஓர் ஆண்டைப் பார்ப்போம். 900 மில்லிமீற்றரில் 800 ஆவியாக, 100 ஓடுகிறது. அதே 3 வீதம் 24 மில்லிமீற்றரை எடுத்துக்கொண்டால் 76 மட்டுமே எஞ்சும். ஆற்றில் கிட்டத்தட்டக் கால்வாசி போய்விட்டது. வறண்ட மண்ணில் ஆவியாக நீரே இல்லாத நாட்களும் இருப்பதால் உண்மை இழப்பு இந்தக் கணக்கை விடக் குறையலாம். ஆனாலும் நல்ல ஆண்டில் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒரு சுமை, கெட்ட ஆண்டில் பல மடங்கு பாரமாகிறது என்பது மாறாது.

வளியின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் ஏறும்போது அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 வீதம் கூடுகிறது. இந்த ஒரு விதியே இரு பக்கமும் வேலை செய்கிறது. தாழமுக்கம் வரும்போது வளியில் கூடுதலான நீராவி இருப்பதால் மழை கொட்டுகிறது. மழை இல்லாத நாட்களில் அதே வளி மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் கூடுதலாகக் கேட்கிறது. ஆகவே வெள்ளமும் வறட்சியும் ஒன்றுக்கொன்று முரணான செய்திகள் அல்ல. காற்றில் கரியமிலவாயு கூடும்போது இலைத்துளைகள் சற்றுச் சுருங்கி ஆவியுயிர்ப்பு குறையும் என்பதும் உண்மைதான். இந்த ஈடு, வெப்பம் கேட்கும் முழு நீரையும் மீட்டுத் தரும் என்று நம்பித் திட்டமிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை, வறண்டுவரும் பிரதேசங்களில் முன்பு 10 ஆண்டுக்கு ஒருமுறை வந்த விவசாய வறட்சி, புவி ஒரு பாகை வெப்பமாகியிருக்கும் நிலையில் 1.7 மடங்கும், 2 பாகையில் 2.4 மடங்கும் அடிக்கடி வரும் என்று கணித்தது. இந்த எண்களை அப்படியே எடுத்து வடக்குக்குப் பொருத்துவது பிழை, ஏனெனில் அவை வறண்டுவரும் பிரதேசங்களுக்கு உரியவை; அதே அறிக்கை தென்னாசியாவின் பருவமழை நீண்டகாலத்தில் கூடும் என்றே எதிர்பார்க்கிறது. ஆனால் கூடும் மழை எந்த வடிவில் வரும் என்பதே நமக்கு முக்கியம். 40 நாட்களில் பரவிப் பெய்த மழை 15 நாட்களில் பெய்து தீர்ந்தால், ஆண்டுக் கணக்கில் குறைவு தெரியாது. மண்ணுக்கும் குளத்துக்கும் கிணற்றுக்கும் தெரியும். 2008 நவம்பரில் நிஷா சூறாவளியின்போது யாழ்ப்பாணத்தில் 24 மணித்தியாலத்தில் 380 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது. ஆண்டு மழை சுமார் 1250 மில்லிமீற்றராக உள்ள ஓர் இடத்தில் இது ஆண்டின் மூன்றில் ஒரு பங்குக்கு அண்மித்தது. அந்த நீரில் எவ்வளவு நிலத்துக்குள் இறங்கியிருக்கும், எவ்வளவு கடலுக்குப் போயிருக்கும் என்பதைச் சராசரி மழை அட்டவணை ஒருபோதும் சொல்லாது.

நிரம்பிய குளமும் நிரம்பாத ஆண்டும்

இரணைமடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டு, பின்னர் கட்டங்கட்டமாக அணைக்கட்டு உயர்த்தப்பட்ட குளம். அண்மைய புனரமைப்பில் முழு நீர்மட்டம் 36 அடியாக உயர்த்தப்பட்டு, கொள்ளளவு 119,500 ஏக்கர் அடி, அதாவது சுமார் 147 மில்லியன் கன மீற்றர் ஆனது. வேலை முடிந்து 2018 டிசெம்பரில் குளம் கையளிக்கப்பட்ட அதே மாதத்தில், 21ஆம் திகதி இரவு பெய்த பெருமழையால் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. முந்திய ஆண்டு பேசப்பட்டது வறட்சி நிவாரணம். இந்த ஆண்டு வெள்ள நிவாரணம். கனகராயன் ஆறு அதே ஆறுதான்.

இந்த இடத்தில் சற்றுத் தங்க வேண்டும், ஏனெனில் வறட்சிக்கு நாம் வழமையாகச் சொல்லும் மருந்து அணைக்கட்டை உயர்த்துவது. இரண்டு அடி உயர்த்தியதால் கிடைத்த மேலதிகக் கொள்ளளவு, குளம் நிரம்பும் ஆண்டுகளில் மட்டுமே நீராகிறது. மாரி பொய்த்த ஆண்டில் நீர்மட்டம் பழைய முழு மட்டத்தையே தொடாதபோது, அதற்கு மேலே உள்ள இரண்டு அடியும் காற்றைத்தான் பிடித்து வைத்திருக்கும். ஒரு நல்ல ஆண்டின் மிகுதியை அடுத்த ஆண்டுக்குக் கடத்த அது உதவலாம். ஆனால் அதற்கு, நிரம்பிய குளத்தைச் சிறுபோகத்தில் முழுவதும் இறக்கிவிடாமல் வைத்திருக்கும் கட்டுப்பாடு வேண்டும். அந்தக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் பெரிய குளம் பெரிய சிறுபோகத்தை மட்டுமே உண்டாக்குகிறது. வறட்சி ஆண்டில் குளம் முன்போலவே வெறுமையாக நிற்கிறது.

சிறுபோகக் கூட்டத்தில் நடப்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மாவட்டச் செயலாளர் தலைமையில் நீர்ப்பாசனத் திணைக்களத்தினரும் கமக்காரர் அமைப்புகளும் அமர, குளத்தின் நீர்மட்டம் அடியிலும் அங்குலத்திலும் வாசிக்கப்படுகிறது. அத்தனை அடிக்கு இத்தனை ஏக்கர் என்று பழக்கத்தில் உறைந்த ஒரு விகிதத்தில் பங்கு பிரிக்கப்படுகிறது. அந்த விகிதத்தில் இரண்டு ஊகங்கள் மறைந்திருக்கின்றன: கோடையில் குளத்து நீர் முன்பு ஆவியான அளவே ஆவியாகும், அடுத்த மாரி வழமையான நாளில் வரும். முதலாவது ஊகம் அதிகம் கெடவில்லை. திறந்த நீர்ப்பரப்பில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் போகிறது என்று கொண்டால் மே முதல் ஓகஸ்ட் வரை 600 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ இரண்டு அடி. அது 4 வீதம் கூடினாலும் மேலதிகமாக இழப்பது ஓர் அங்குலம்தான். வெப்பமாதல் என்றவுடன் குளத்து நீர் கொதித்துப் போவதுபோலப் பேசுவோர் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது ஊகமே ஆபத்தானது. மாரி இரண்டு கிழமை பிந்தி வந்து, வந்த முதல் மழையையும் காய்ந்துபோன காட்டு மண்ணே குடித்துவிட்டால், ஆற்று வரத்து கார்த்திகை கடந்தும் தொடங்காது. குளத்தில் கையிருப்பே இல்லாமல் காலபோகம் எனும் மாரி நெற்செய்கையை ஆரம்பித்த கமக்காரர் விதைத்த பயிரை வானத்திடம் ஒப்படைக்க வேண்டிவரும்.

குடாநாட்டுக்கு இரணைமடுத் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் ஏன் கைவிடப்பட்டது என்பதையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் 2010களின் தொடக்கத்தில் முன்னெடுக்கப்பட்ட அந்தத் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். இறுதியில் மருதங்கேணிப் பக்கத்துத் தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீரை எடுக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. அந்த எதிர்ப்பைப் பிரதேசவாதம் என்று யாழ்ப்பாணத்தில் பலர் கடிந்தனர். நான் அவ்வாறு கருதவில்லை. 1984 வரை இரு பகுதியும் ஒரே மாவட்டமாக இருந்தவை; அங்குள்ள கமக்காரரில் பலர் இங்கிருந்து சென்று குடியேறிய குடும்பத்தினர். அவர்கள் கேட்டது, நிரம்பாத ஆண்டில் யாருக்கு முதலில் தண்ணீர் என்பது. குடிநீர் ஒவ்வொரு நாளும் வேண்டும், அது கெட்ட ஆண்டென்று பார்த்துக் குறையாது. பயிர்ப் பங்குதான் குறையும். சராசரி வரத்தை வைத்து இருவருக்கும் போதும் என்று காட்டிய கணக்கு அவர்கள் கேள்விக்குப் பதிலாகவில்லை. நீரியல் நோக்கில் அவர்களின் அச்சம் நியாயமானது, வெப்பமாகும் காலநிலையில் அது இன்னும் நியாயமாகிறது. கடல்நீரைச் சுத்திகரிப்பதற்கு மின்சாரச் செலவு அதிகம் என்பது மெய். ஆனால் மாரி பொய்த்த ஆண்டிலும் கடல் வற்றாது.

ஆனையிறவு, வடமராட்சிக் கடல்நீரேரிகளை நன்னீராக்கும் பொறியியலாளர் ஆறுமுகத்தின் திட்டத்தையும் இதே கண்ணால் மறுபடி மதிப்பிட வேண்டும். 1950களில் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உவர்நீர்த் தடுப்பணைகள் கட்டப்பட்டன. ஆனையிறவிலிருந்து முள்ளியான் ஊடாக நன்னீரைக் கொண்டுபோகும் பகுதி நிறைவேறவில்லை. ஆழங்குறைந்த, அகன்ற நீரேரியில் சோளகக் காலத்தில் இரண்டு அடி போவது சிறு இழப்பு அல்ல. அந்தத் திட்டத்தைக் கோடைக்கான நீர்த்தேக்கமாக எண்ணினால் ஏமாற்றமே கிடைக்கும். இரணைமடுவைக் கடந்து ஆனையிறவுக்கு வந்து மாரியில் வீணாகும் கனகராயன் ஆற்று மிகுதியைப் பயன்படுத்தி நிலத்தடியின் உவரைப் பின்தள்ளும் ஏற்பாடாக எண்ணினால் அதன் மதிப்புக் குறையவில்லை.

வழுக்கையாறும் அதன் கிணறுகளும்

குடாநாட்டின் அடியில் உள்ள மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லில் மழைநீர் இறங்கி, அடர்த்தி கூடிய கடல்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்கு எல்லோரும் அறிந்த சான்று. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கலாம் என்பது பொது விதி. இந்த விதியின் மறுபக்கத்தை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை: மேல்மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கினால் அடிமட்டம் 4 மீற்றர் மேலே வரப் பார்க்கும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்ரிமீற்றர் உயர்ந்ததும் இந்த வில்லைக்கு எதிரான பக்கத்திலேயே சேர்கிறது.

வழுக்கையாற்றின் பெறுமதி இங்கேதான் இருக்கிறது. அதிலிருந்து நேரடியாக இறைத்துப் பயிர் செய்வோர் சிலரே. ஆனால் அது தொடுத்துச் செல்லும் குளங்களில் மார்கழி, தை மாதங்களில் நீர் நிற்கும் ஒவ்வொரு நாளும் சுற்றுப்புறக் கிணறுகளுக்கு இறங்கும் நாள். அந்தக் குளங்கள் தூர்ந்து ஆழங்குறைந்தால், கொட்டிய மழை சில நாட்களில் அராலியை அடைந்துவிடும். வயல்கள் அழுகாமல் இருக்க அங்குள்ள தடுப்பணைக் கதவைத் திறக்கத்தான் வேண்டும்.

பங்குனி கடைசியில் இந்தப் பகுதித் தோட்டக் கிணறு ஒன்றில் இறைப்பு நடப்பதைப் பார்த்தால் வறட்சியின் நடையை மணிக்கணக்கில் காணலாம். விடியற்காலையில் மெசின் தொடங்கும்போது வாய்க்கால் நிறைந்து ஓடும். வெங்காயப் பாத்திகள் பாதி முடியுமுன் நீர் மெலிந்து, குழாய் காற்றை இழுக்கும் ஓசை கேட்கும். தோட்டக்காரர் மெசினை நிறுத்திவிட்டுக் கிணறு ஊறும்வரை காத்திருப்பார், மீதியைப் பின்னேரத்தில் இறைப்பார். ஊற்று வேகமாக இருந்தால் பயமில்லை. அதே கிணற்றில் குழாயை இன்னும் இறக்கி இறைக்கும் ஆண்டில்தான் வாய்க்கால் ஓரத்தில் வெள்ளைப் பொருக்குப் படியத் தொடங்கும், மிளகாய் இலையின் விளிம்பு கருகும். வெப்பம் கூடிய ஆண்டில் பயிர் கேட்கும் நீர் கூட, இறைப்புக்கு இறைப்பு இடைவெளி குறைகிறது. தேவை கூடுவதும் ஊற்று தளர்வதும் ஒரே மாதத்தில் சந்திக்கின்றன. மழைமானி இதைக் காட்டாது. அந்த ஆண்டு மழை சராசரி என்றே பதிவாகியிருக்கலாம்.

மாற்ற வேண்டியவை

மழையின் ஆண்டுக் கூட்டுத்தொகையை வறட்சியின் அளவுகோலாக வைத்திருப்பதை முதலில் கைவிட வேண்டும். மழையோடு ஆவியாதல் தேவையையும் சேர்த்துக் கணிக்கும் குறிகாட்டிகள் 2010 முதலே பயன்பாட்டில் உள்ளன. அவற்றுக்குத் தேவையான வெப்பநிலை, மழைத் தரவு வளிமண்டலவியல் திணைக்களத்திடம் இருக்கிறது. நிவாரணத்துக்கான வறட்சி அறிவிப்பு, பயிர் கருகிய பிறகு வருவதற்குப் பதிலாகத் தை மாதத்திலேயே எச்சரிக்கையாக வர முடியும்.

இரணைமடுவில், அடிக்கு இத்தனை ஏக்கர் என்ற விகிதத்துக்குப் பதிலாக, ஐப்பசி முதலாம் திகதி குளத்தில் எவ்வளவு நீர் எஞ்ச வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்து, அதற்கு மேலுள்ளதை மட்டும் சிறுபோகத்துக்குப் பகிர வேண்டும். இந்து சமுத்திர இருமுனைவு எதிர்மறையாகத் திரும்புகிறது என்ற முன்னறிவிப்பு ஆடி, ஆவணியில் கிடைக்கும்போது சிறுபோகம் அறுவடைக்கு நெருங்கியிருக்கும்; ஆகவே அந்த முன்னறிவிப்பைக் காலபோகத்துக்குக் குறுகிய வயது நெல்லைத் தெரிவுசெய்யவும் விதைப்பு நாளைத் தள்ளவும் பயன்படுத்தலாம். சிறுபோக ஏக்கர் குறையும் ஆண்டில் பங்கு இழக்கும் கமக்காரருக்கு இழப்பீடு இல்லாமல் இந்த முறை நிலைக்காது. கையிருப்பு அடுத்த ஆண்டு எல்லோருக்கும் பயன்படும்போது அதன் செலவை ஒரு பகுதியினர் மட்டும் சுமப்பது நீதியும் அல்ல.

வழுக்கையாற்றில் தூர்வாரும் வேலைகள் அவ்வப்போது நடக்கின்றன, நல்லது. ஆனால் எத்தனை கன மீற்றர் மண் அகற்றப்பட்டது என்பதே வேலையின் அளவாக எழுதப்படுகிறது. குளத்தின் அடியிலுள்ள களிப்படையை எவ்வளவு அகற்றினால் நீர் இறங்கும், எவ்வளவு அகற்றினால் குளம் நீரைப் பிடிக்காமல் விடும் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். கந்தரோடையிலிருந்து அராலி வரை இரு கரையிலும் சில தோட்டக் கிணறுகளைத் தெரிந்து, தூர்வாருவதற்கு முன்பும் பின்பும், ஒவ்வொரு மாதமும் ஒரே திகதியில், இறைப்புத் தொடங்குமுன் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் அளந்து எழுதி வைக்க வேண்டும். ஓர் அளவுநாடாவும் கையடக்க மின்கடத்துதிறன் மானியும் இதற்குப் போதும். பிரதேச சபையும் கமநல சேவை நிலையமும் பள்ளிக்கூட விஞ்ஞான ஆசிரியர்களும் சேர்ந்து செய்யக்கூடிய இந்த வேலையைத் தூர்வாரும் ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனையாகச் சேர்த்து, மாதாந்த அளவுகளை ஊர்ச் சனசமூக நிலையத்தின் அறிவித்தற் பலகையில் ஒட்ட வேண்டும்.